ஈரக் கணக்கு

ஹைதராபாத்,
ஆவணி மாதம்.

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவின் முழங்கால் வலிக்கு நான் அனுப்பிய தைலம் கேட்கிறதா என்று மதினியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

போன வாரம் போனில் நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் அந்த நேரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "மழை ஒண்ணும் பெருசாக் கொறையலைங்காக. ஆபீஸ் கணக்கும் அதைத்தான் சொல்லுது. பெறகு ஏன் புஞ்சை வெளைய மாட்டேங்கு?" என்று கேட்டீர்கள். சோலார் கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கு வந்துபோனதைச் சொல்லி, நீண்ட காலக் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா என்றும் கேட்டீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. இந்த நிலம் இனிமேல் விளையுமா? மழைக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. பெய்ததில் எவ்வளவு ஈரம் மண்ணில் தங்கியது, எத்தனை நாள் தங்கியது என்று பார்க்க வேண்டும். என் பிழைப்பே அந்தக் கணக்கோடுதான் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் நீளமாகப் போனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மதினியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் மழையையே எடுத்துக்கொள்வோம். நம் தூத்துக்குடி மாவட்டத்தின் வருஷ சராசரி ஏறக்குறைய 660 மில்லிமீட்டர். தமிழ்நாட்டுச் சராசரி 900-த்துக்கு மேல். நமக்குக் கிடைப்பதிலும் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசியையும் கார்த்திகையையும் ஒட்டிப் பெய்வது. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர். 660 மில்லிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 26 லட்சம் லிட்டருக்கு மேல் வரும். இதில் பாதி மண்ணுக்குள் இறங்கி, வேர் இருக்கும் இடத்தில் நின்றாலே கம்பும் உளுந்தும் தாராளமாக விளைந்துவிடும். ஆகவே நம் ஊரை மழையே இல்லாத ஊர் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் சராசரி மழை எந்த வருஷமும் பெய்வதில்லை. 2015-ல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த வருஷமே, 2016-ல், வடகிழக்குப் பருவத்தில் மாநிலத்துக்கு வர வேண்டிய 440 மில்லிமீட்டரில் 168 மட்டும் வந்தது. 62 சதவீதம் குறைவு. தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய 1876-க்குப் பிறகு பருவமழை அவ்வளவு குறைந்தது அந்த வருஷம்தான். 2018-ல் மறுபடியும் 24 சதவீதம் குறைவு. 2021-ல் 59 சதவீதம் கூடுதல். பிறகு 2023 டிசம்பர் 17, 18 தேதிகள். அதை நான் உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர். மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகமாக ஒரே நாளில் கொட்டியது. அதே வருஷம் அக்டோபரில், விதைத்தவன் வானத்தைப் பார்த்துக் கிடந்த நேரத்தில், மாநிலத்தில் மழை வெகுவாகக் குறைந்திருந்தது. வருஷக் கடைசியில் கூட்டிப் போட்டால் உபரி என்று வருகிறது. அந்த உபரியால் ஒரு மரக்கால் உளுந்து கூடுதலாக வீட்டுக்கு வந்ததா? கணக்கு எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை, அண்ணே. அவர்களுடைய கணக்கு மழைமானியோடு முடிந்துவிடுகிறது, உங்களுடையது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கரிசலைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்த எனக்குத் தகுதியில்லை. இருந்தாலும் மண் ஆராய்ச்சிக்காரர்கள் அதற்குள் என்ன கண்டார்கள் என்று சொல்கிறேன். நம் மண்ணில் பாதிக்குக் கிட்ட களி. அந்தக் களியில் மாண்ட்மோரில்லோனைட் என்ற வகை அதிகம். மிக மெல்லிய அடுக்குகளால் ஆனது அது. அடுக்குகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் உப்பும், தண்ணீர் போனால் சுருங்கும். சித்திரை, வைகாசியில் புஞ்சை பாளம் பாளமாக வெடித்து, கன்றுக்குட்டியின் கால் உள்ளே போகிற அளவுக்கு வாய் பிளந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். முதல் மழை அந்த வெடிப்பு வழியாக நேரே ஆழத்துக்கு இறங்குகிறது. அந்த மட்டுக்கும் வெடிப்பு நமக்கு நல்லது. ஆனால் மண் நனைந்து உப்பி வெடிப்பு மூடியதும் நிலைமை மாறிவிடும். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சில மில்லிமீட்டர் தண்ணீர் உள்ளே போவதே பெரிது. அந்த நேரத்தில் ஒரே ராத்திரியில் 100 மில்லிமீட்டர் பெய்தால் பெரும்பகுதி மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடை வழியாக வைப்பாற்றுக்குப் போய், கடைசியில் கடலில் சேரும். அதே 100 மில்லிமீட்டர் வாரத்துக்கு ஒன்றாக ஐந்து நல்ல மழையாகப் பெய்திருந்தால் பெரும்பாலும் புஞ்சைக்குள்ளேயே நின்றிருக்கும். மழைமானிக்கு இரண்டும் ஒன்று. சூடேறிய மண்ணில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் தூறல் விழுந்தாலும் இப்படித்தான். புழுதியை அடக்கிவிட்டு மறுநாள் மத்தியானத்துக்குள் ஆவியாகிவிடும். பதிவேட்டில் ஏறிய அந்தத் தண்ணீர் ஒரு வேருக்கும் போய்ச் சேர்ந்திருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். நம் பழைய வீட்டுக் குலுக்கை ஞாபகம் இருக்கிறதா? அடியில் தானியம் கிடக்கும், சின்னப் பிள்ளை கைக்கு எட்டாது. கரிசல் தண்ணீர் வைத்திருப்பதும் அப்படித்தான். நூறு பங்கு மண்ணில் இருபத்தைந்து பங்கு தண்ணீர் இருக்கும்போதே நம் செடி வாடத் தொடங்கிவிடும். களி அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால் வேரால் அதை உறிஞ்ச முடியாது. மணல் கலந்த செவலில் இதில் பாதிக்கும் குறைவான ஈரம் இருந்தாலே செடி பிழைத்துக்கொள்ளும். அதனால் மண்ணில் ஈரம் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்வது போதாது. வேருக்கு எட்டுகிற ஈரம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல கரிசல் முழுக்க நனைந்தால் பயிருக்கு எட்டும்படியாக 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை தண்ணீரைப் பிடித்து வைக்கும். நன்றாக வளர்ந்து நிற்கிற பயிர் ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து மில்லிமீட்டர் குடிக்கும். அப்படியானால் மழை நின்ற பிறகும் முப்பது, நாற்பது நாள் அந்தச் சேமிப்பிலேயே பயிர் நிற்கும். தை, மாசியில் பனியிலேயே கொத்தமல்லியும் பருத்தியும் விளைந்தது என்று பெரியவர்கள் சொல்வார்களே, பனியின் உதவி அதில் கொஞ்சம்தான். கீழே இருந்த சேமிப்புதான் காப்பாற்றியது.

இந்தச் சேமிப்பு இப்போது ஏன் சீக்கிரம் தீர்கிறது? பெரிய காரணம் காற்று. 1901-லிருந்து 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 0.7 டிகிரி கூடியிருக்கிறது என்று மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. முக்கால் டிகிரிகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதாவது காற்றுக்குத் தாகம் கூடுகிறது. மழைக்கும் மழைக்கும் நடுவே வருகிற ஒவ்வொரு வெயில் நாளிலும் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் அது முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக உறிஞ்சுகிறது. ஒரு நாளைக்கு இது தெரியாது. இருபது நாள் இடைவெளி விழுந்தால் தெரியும். இன்னும் ஒரு கெடுதல் இருக்கிறது. மண்ணில் ஈரம் இருக்கும்வரை வெயிலின் சூட்டில் ஒரு பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்குவதில் செலவாகும். ஈரம் தீர்ந்துவிட்டால் அந்தச் சூடும் சேர்ந்து நிலத்தையும் காற்றையும் காய்ச்சும். காய்ந்த மண் காற்றைச் சூடாக்க, சூடான காற்று மிச்ச ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். ஒன்றுக்கொன்று துணை. ஒரு வாரத்துக்குள் பயிர் கண்முன்னே சுருண்டுபோவதைப் பார்த்து "முந்தியெல்லாம் இப்படித் திடுதிப்புனு காயாதே" என்று சொன்னீர்களே, அது உங்கள் கண்ணின் பிழை இல்லை. உலகத்தில் பல பகுதிகளில் வறட்சி முன்பைவிட வேகமாகத் தொடங்குகிறது என்று 2023-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. நீங்கள் வரப்பில் நின்று பார்த்ததைத்தான் அவர்கள் பல பத்தாண்டுக் கணக்கில் பார்த்திருக்கிறார்கள்.

மேலே சொன்ன அரசு அறிக்கையில் நமக்கு வேண்டிய இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1951-லிருந்து 2016 வரையான காலத்தில் நாட்டில் வறட்சி வருகிற தடவையும், அது பிடிக்கிற பரப்பும் கூடியிருக்கின்றன. தென் தீபகற்பம் உள்ளிட்ட சில பகுதிகளுக்கு, சராசரியாகப் பத்து வருஷத்தில் இரண்டு தடவைக்கு மேல் வறட்சி வந்திருக்கிறது. ஆகவே வறட்சியை எப்போதோ வந்துபோகிற விருந்தாளியாக நினைத்து விவசாயம் செய்ய முடியாது. பத்தில் இரண்டு, மூன்று வருஷம் வரும் என்று வைத்துக்கொண்டுதான் விதையும் கடனும் திட்டமிட வேண்டும்.

நீ அங்கே உட்கார்ந்துகொண்டு என்னதான் பார்க்கிறாய் என்று அம்மா அடிக்கடி கேட்பார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். மண் தன்னிலிருந்து மிக மெலிதாக ஒரு மைக்ரோ அலையை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. ஈர மண்ணிலிருந்து வருவதற்கும் காய்ந்த மண்ணிலிருந்து வருவதற்கும் வித்தியாசம் உண்டு. அதை வானத்திலிருந்து அளக்க ஐரோப்பியர்கள் 2009 நவம்பரில் ஸ்மாஸ் என்ற செயற்கைக்கோளையும், நாசா 2015 ஜனவரியில் ஸ்மாப் என்ற செயற்கைக்கோளையும் ஏவினார்கள். இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை உலகத்தின் ஈரத்தை அவை படித்துவிடும். அதற்கு முன்னால் பறந்த பல செயற்கைக்கோள்களின் பதிவுகளையும் கோத்து 1978 வரை பின்னால் போகிற ஒரு நீண்ட வரிசையை ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் வைத்திருக்கிறது. ஒரு பகுதியின் மண் முப்பது, நாற்பது வருஷத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க இது பெரிய வரம்.

அதே நேரத்தில் அதன் குறையையும் சொல்ல வேண்டும். அந்த அலை மேலே இருக்கிற ஐந்து சென்டிமீட்டர் மண்ணை மட்டும் சொல்லும். அதற்குக் கீழே இருப்பதைக் கணக்குப் போட்டுத்தான் ஊகிக்கிறோம். நாங்கள் பார்க்கிற ஒரு கட்டம் 36 கிலோமீட்டர் நீளம், 36 கிலோமீட்டர் அகலம். விளாத்திகுளத்தையும் புதூரையும் சுற்றி இருக்கிற ஊர்கள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். கரிசல், செவல், சரளை, கண்மாய், வேலிக்காத்தான் காடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் எண். நம் மேலப்புஞ்சை கீழப்புஞ்சை வித்தியாசம் அதற்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். இதனால்தான் கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன்.

வறட்சியை அளக்கிற முறையிலும் உங்களுக்குப் பயன்படுகிற ஒரு விஷயம் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் 1993-ல் ஒரு குறியீட்டை உருவாக்கினார்கள். எஸ்.பி.ஐ. என்பார்கள். ஓர் இடத்தில் பெய்த மழையை அதே இடத்தின் பழைய வருஷங்களோடு ஒப்பிட்டு, வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்ப்பது அது. அதன் அருமை என்னவென்றால் எந்தக் கால அளவுக்கும் போட்டுப் பார்க்கலாம். மூன்று மாதத்துக்குப் போட்டால் பயிருக்கு எப்படி என்று தெரியும். பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டால் கண்மாய்க்கும் கிணற்றுக்கும் எப்படி என்று தெரியும். இருபத்துநான்கு மாதத்துக்குப் போட்டால் ஆழத்து நீரும் பனையும் வேம்பும் எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே பதிலைச் சொல்வதில்லை. ஐப்பசியில் நல்ல மழை பெய்து மூன்று மாதக் கணக்கு நேராகிவிட்டாலும் பன்னிரண்டு மாதக் கணக்கு இன்னும் பள்ளத்தில் கிடக்கும்.

2016-க்குப் பிறகு நம் ஊரில் நடந்தது இதுதான். 2017 ஜனவரி 10-ஆம் தேதி மாநிலத்தில் அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நிவாரணம் வந்தது. ரேஷன் அரிசி இருந்ததால் தாது வருஷம் மாதிரிச் சாவு இல்லை. அந்த நன்மையை நாம் மறக்கக் கூடாது. ஆனால் மண்ணின் வறட்சி அறிவிப்போடும் அடுத்த மழையோடும் முடியவில்லை. ஒரு மீட்டர் ஆழத்துக்கு வறண்டுபோன மண் அடுத்து வந்த மழையில் முதல் பங்கைத் தானே குடித்துக்கொண்டது. புஞ்சை குடித்தது போக மிச்சம்தான் ஓடைக்கு, ஓடையிலிருந்து கண்மாய்க்கு, கண்மாயிலிருந்து கிணற்றுக்கு. அதனால் மழை பெய்தும் கண்மாய்க்கு வரத்து இல்லை என்று எல்லோரும் திகைத்தார்கள். ஒரு பெரிய வறட்சியின் கடனை மண் அடுத்த வருஷத்திலும், அதற்கு அடுத்த வருஷத்திலும் அடைக்கிறது. அந்தக் கடன் தீர்வதற்குள் 2018 வந்துவிட்டது. பல வீடுகளில் மாட்டை விற்றது அந்த இடைவெளியில்தான். மாடு போனதும் தொழுவுரம் போனது. கிடை மறிக்க ஆடு வருவதும் குறைந்தது. உரம் குறைய மண்ணின் சத்தும் பொலபொலப்பும் குறைந்தன. அப்படிப்பட்ட மண்ணில் மழைநீர் இறங்குவதும் குறையும். இப்படி ஒரு வறட்சியே அடுத்த வறட்சிக்கு வழி செய்து வைத்துவிட்டுப் போகிறது.

டி.வி.யில் எல் நினோ என்று சொன்னதும் ஊரில் பயப்படுகிறார்கள் என்றீர்கள். அது பெரும்பாலும் வடக்கே பெய்கிற தென்மேற்குப் பருவத்துக்கான பயம். நம் ஐப்பசி மழைக்கு எல் நினோ பல தடவை உதவியே செய்திருக்கிறது. 1997-ம் 2015-ம் எல் நினோ வருஷங்கள். 2016-ல் எல் நினோ போய் லேசான லா நினா இருந்தது, இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பக்கம் சூடாகி மேற்குப் பக்கம் குளிர்ந்திருந்தது, நமக்கு மழை பொய்த்தது. ஆனால் லா நினா வருஷமான 2021-ல் வெளுத்து வாங்கியது. ஆகவே அந்தப் பெயர்களைக் கேட்டு விதைப்பை முடிவு செய்யாதீர்கள். காலடியில் இருக்கிற ஈரம் அதைவிட நம்பிக்கையான சாட்சி.

இனிப் பயிர். நம் பக்கத்தில் புஞ்சைக்குப் புஞ்சை மக்காச்சோளம் வந்ததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. வாங்க ஆள் வீடு தேடி வருகிறான், கோழித்தீவனத்துக்கு விலை இருக்கிறது, கம்பு அறுக்க ஆள் கிடைப்பதில்லை. ஆனால் ஈரத்தின் கண்ணிலிருந்து பார்த்தால் அது பெரிய சூதாட்டம். பூட்டை வந்து கதிர் பிடிக்கிற பத்துப் பதினைந்து நாளில் ஈரம் இல்லையென்றால் மக்காச்சோளம் மன்னிக்காது. பிறகு எவ்வளவு பெய்தாலும் கதிரில் மணி ஏறாது. 2018-லிருந்து படைப்புழுவும் சேர்ந்துகொண்டது. நாட்டுச்சோளம் அப்படி இல்லை. ஈரம் போனால் வளர்ச்சியை நிறுத்திவைத்து, இலையைச் சுருட்டிக்கொண்டு காத்திருக்கும். மழை வந்ததும் மறுபடி கிளம்பும். கம்பும் ஏறக்குறைய அப்படித்தான். 1901-லிருந்து நடக்கிற கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்காகவே சோளத்திலும் பருத்தியிலும் ரகங்களைத் தந்திருக்கிறது. கே 12 சோளம் அங்கிருந்து வந்ததுதான். எல்லாப் புஞ்சையிலும் ஒரே பயிரைப் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கீழப்புஞ்சையில் ஒரு பங்கு மக்காச்சோளம் போட்டாலும், மறுபங்கில் சோளமும் உளுந்தும் ஊடே துவரையும் இருக்கட்டும். ஒன்று போனாலும் ஒன்று வீட்டுக்கு வரும். காப்பீட்டை முழுக்க நம்பவும் வேண்டாம். 2016-ல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டில் வருவாய்க் கிராமத்தின் அல்லது பிர்க்காவின் சராசரி விளைச்சலைத்தான் பார்க்கிறார்கள். நம் ஒரு புஞ்சை காய்ந்தது அந்தச் சராசரியில் தெரியாமல் போகலாம்.

இப்போது நான் கேட்க வந்தது. மூத்தவன் பழைய நோட்டு ஒன்றைக் கொடுப்பான். அதில் இந்தப் பருவத்திலிருந்து ஈரக் கணக்கு எழுதுங்கள். இதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். விரல் கனத்தில், மூன்றடி நீளத்தில் ஓர் இரும்புக் கம்பியைப் பட்டறையில் கூராக்கி, அரையடிக்கு ஒரு கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து, மேலப்புஞ்சையில் ஓர் இடம், கீழப்புஞ்சையில் இரண்டு இடம், கம்பியை அழுத்துங்கள். ஈரம் இருக்கும்வரை இறங்கும், காய்ந்த மண்ணில் முட்டி நிற்கும். எத்தனை கோடு இறங்கியது என்று எழுதுங்கள். பிறகு வாரம் ஒருமுறை மண்வெட்டியால் அரையடி, ஒரு அடி, ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்துக் கையில் உருட்டிப் பாருங்கள். உருண்டையாகி, விரலால் தள்ளினால் நாடாவாக நீண்டால் நல்ல ஈரம். உருண்டை பிடித்தும் நீளாமல் உடைந்தால் பாதி. உருண்டையே பிடிக்காமல் கட்டியாக நொறுங்கினால் வேருக்கு எட்டுகிற ஈரம் தீர்ந்துவிட்டது. அதோடு மழை பெய்த தேதி, எத்தனை உழவு மழை, பயிர் மத்தியானத்தில் வாடி சாயந்திரம் நிமிர்ந்ததா, மறுநாள் காலையிலும் நிமிராமல் நின்றதா என்பதையும் எழுதுங்கள். தையில் நான் வரும்போது கொஞ்சம் மண்ணை எடை போட்டு, அடுப்பில் உலர்த்தி, திரும்ப எடை போட்டு, உங்கள் கைக் கணக்கோடு ஒப்பிட்டுத் தருகிறேன். மூன்று, நான்கு பருவம் எழுதினால் அந்த நோட்டு எங்கள் செயற்கைக்கோளால் சொல்ல முடியாததைச் சொல்லும்.

அதை வைத்து என்ன செய்யலாம்? புரட்டாசியில் புழுதி விதைப்பு போடுவதா, ஈரம் பார்த்து விதைப்பதா என்று முடிவு செய்யலாம். விதைத்த பிறகு ஒரு தூறலில் முளைத்து, அடுத்த மழை வராமல் கருகிப்போவதுதான் நமக்கு அடிக்கடி நேர்கிற நஷ்டம். ஒரு அடிக்குக் கீழே போன பருவத்து ஈரம் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால் துணிந்து விதைக்கலாம். அடிவரைக்கும் வறண்டு கிடக்கிறது என்றால் பாதி விதையையாவது கையில் வைத்துக்கொண்டு முதல் நல்ல மழைக்குக் காத்திருக்கலாம். கோடை மழையில் சரிவுக்குக் குறுக்கே ஓர் உழவு போடுவது, வரப்பை உயர்த்துவது, ஆழச்சால் அகலப் பாத்தி போடுவது, பயிருக்கு நடுவே கொத்திவிட்டு வெடிப்பை மூடுவது, இவற்றில் எது நம் புஞ்சையில் எத்தனை நாள் ஈரத்தைக் கூட்டித் தருகிறது என்பதும் அதே நோட்டில் தெரிந்துவிடும். கீழப்புஞ்சையின் தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினால், கதிர் பிடிக்கிற நேரத்தில் ஒரே ஒரு உயிர்த் தண்ணீர் கொடுக்க முடியும். போர் போடுகிற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். நம் கிழக்குப் பக்கத்தில் பல இடங்களில் வருவது உப்புத் தண்ணீர். அதைப் பாய்ச்சினால் களி இறுகி, உள்ளதும் போய்விடும்.

குத்தகை விஷயத்தில் என் மனதில் இருப்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். மேலப்புஞ்சையில் ஒரு அடிக்குக் கீழே சரளை. அங்கே முழுக்க நனைந்தாலும் பத்து நாள் ஈரத்துக்கு மேல் நிற்காது. வருஷத்துக்கு வருஷம் மழை இடைவெளி இப்படி நீளும்போது அந்த நிலத்தில் மானாவாரியை நம்பிக் கடன் வாங்குவது உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நல்லதில்லை. அதைக் கொடுப்பதாக இருந்தால் கொடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டி, காலம் முடிந்ததும் கான்கிரீட்டை எடுத்து நிலத்தை உழவுக்கு ஆகும்படி திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். கீழப்புஞ்சையைக் கொடுக்க வேண்டாம். அதில் ஆள் இடுப்பளவுக்குக் கரிசல் இருக்கிறது. மழை கண்டபடி பெய்கிற காலத்தில், பெய்ததைப் பிடித்து ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கிற மண்தான் ஒரு குடும்பத்துக்குப் பெரிய சொத்து. இப்படிப்பட்ட மண் உண்டாக ஆயிரக்கணக்கான வருஷங்கள் பிடித்திருக்கின்றன. குத்தகைப் பணத்தால் அதை மறுபடி வாங்க முடியாது. அது விளையவில்லை என்று சொல்லத் தோன்றினால், அதற்கு முன்னால் அந்த மண்ணுக்குப் பொருந்திய பயிரும் தொழுவுரமும் வரப்பும் கொடுத்து நான்கு பருவம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பண்ணைக்குட்டைக்கும் வரப்புக்கும் ஆகிற செலவில் பாதியை நான் அனுப்புகிறேன். இதைத் தங்கை அண்ணனுக்குச் செய்கிற உதவியாக எண்ண வேண்டாம். அந்த நிலத்தில் விளைந்ததைச் சாப்பிட்டுத்தான் நானும் படித்தேன், அதற்கு நானும் கடன்பட்டவள்.

கம்பெனிக்காரர்கள் மறுபடி வந்தால், மேலப்புஞ்சையைப் பற்றி மட்டும் பேசுவோம் என்று சொல்லி அனுப்புங்கள். கம்பியைப் புரட்டாசி பிறப்பதற்குள் அடித்து வாங்கிவிடுங்கள். முதல் மழை பெய்து இரண்டு நாள் கழித்து எத்தனை கோடு இறங்கியது என்று எனக்குப் போன் செய்யுங்கள். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் தங்கை.